கடைமடைக்கு அரை ஊதுபத்தி

ஒகுதானி ஏரியில் தண்ணீர் நிறைந்திருந்த வருடங்களில் ஒகுதானி ஏரிச் சங்கத்துக்கு வேலை எதுவும் இருக்கவில்லை. கோடையின் தொடக்கத்தில் உறுப்பினர்கள் கரையில் புல் வெட்டுவார்கள். வெட்டி முடித்தவர்களுக்குக் குளிர்ந்த ஊடான் நூடுல்ஸ் கிடைக்கும். தலைவர் மியாகே எழுந்து, இந்த மண் கரையை நம் முன்னோர்கள் கூடை கூடையாகச் சுமந்து கட்டினார்கள் என்று சொல்லுவார். எல்லோரும் உறிஞ்சும் சத்தத்தை ஒரு கணம் நிறுத்திவிட்டு மறுபடி தொடர்வார்கள். அத்துடன் அந்த வருடத்துச் சங்கம் முடிந்தது.

மழை பொய்த்த அந்த வருடத்தில்தான் சங்கம் உயிர் பெற்றது. ஏரி இறங்க இறங்கக் கூட்டங்கள் கூடின. கரையின் உட்சரிவில் அதுவரை யாரும் பார்த்திராத கற்கள் வெளியே தெரிந்தன. சங்கத்துக்குள்ளும் அதுவரை யாரும் கேள்விப்பட்டிராத துணைக்குழுக்கள் தெரியத் தொடங்கின.

ஹிசாவோவின் நான்கு துண்டு வயலும் கடைமடையில் இருந்தன. மதகைத் திறந்தால் தண்ணீர் முதலில் தலைவர் மியாகேயின் வயலைத் தொடும். அப்புறம் மூங்கில் தோப்பு, பள்ளிக்கூடத்தின் பின்புறம், கல்லறைகள். கடைசியில் ஒரு சிமெண்ட் குழாய்க்குள் நுழைந்து, சாலையைக் கடந்து, ஹிசாவோவின் வரப்படியில் தலை காட்டும். ஓய்வு பெறும்வரை அவர் நகரப் பேருந்து ஓட்டினார். கடைசி நிறுத்தம்வரை வருகிறவர்கள் பெரும்பாலும் பேச மாட்டார்கள் என்பது அவருக்குத் தெரியும். அவரும் அப்படித்தான்.

நெல் அப்போது தொண்டைக்கதிர்ப் பருவத்தில் இருந்தது. தண்டுக்குள் கதிர் உருவாகிவிட்டது, வெளியே வரவில்லை. இந்தச் சமயத்தில் காய்ந்தால் வருவதெல்லாம் பதர். வயல் நிறைய வேண்டாம், ஒரே ஒரு நனைப்புப் போதும். அந்த ஒன்றுக்காக ஹிசாவோவும் அவர் மனைவி நோபுகோவும் குளித்த தண்ணீரைத் தொட்டியிலிருந்து அள்ளி, சின்ன லாரியில் ஏற்றி வயலுக்குக் கொண்டுபோனார்கள். வெடிப்புகள் அதை ஒரு மிடறில் குடித்துவிட்டுச் சோப்பு நுரையை மட்டும் திருப்பித் தந்தன.

"நெல்லு நம்மளவிடச் சுத்தமா இருக்கு" என்றாள் நோபுகோ. "சங்கத்துல போய் வாயத் திறங்க. பஸ்ஸு ஓட்டறப்ப ஹாரனாவது அடிப்பீங்க."

அவர் கூட்டத்துக்குப் போனார்.

தண்ணீரை இனிமேல் முறை வைத்துத்தான் பங்கிட வேண்டும் என்பதில் எல்லோருக்கும் ஒரே கருத்து. யாருடைய கடிகாரத்தை வைத்து என்பதில்தான் சிக்கல். ஆளாளுக்கு அடுத்தவர் கடிகாரத்தின் ஒழுக்கத்தைப் பற்றிப் பேசினார்கள். சத்தம் ஓய்ந்ததும் தலைவர் மியாகே எழுந்தார்.

"கடிகாரம் எல்லாருகிட்டயும் இருக்கு. அதான் தொல்லை. நம்ம பாட்டன் காலத்துல ஊதுபத்தி ஏத்தித் தண்ணி விட்டாங்க. பெரிய வயலுக்கு ரெண்டு பத்தி, சின்ன வயலுக்கு அரைப் பத்தி. பத்தி எரிஞ்சு முடிஞ்சா மேளம் அடிச்சு மதகை மூடுவாங்க. கடிகாரத்தோட சண்டை போடலாம். ஊதுபத்தியோட யாரு சண்டை போடுவா? அது சாமிக்கு ஏத்தறது."

சபை நெகிழ்ந்தது. கோயிலில் பல வருடங்கள் பூஜைப் பொருட்களைப் பார்த்துக்கொண்ட ஜின்நை என்ற முதியவர் பத்திக் காவலராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஹிசாவோவுக்கு அரைப் பத்தி என்று முடிவானது. அவர் தயங்கித் தயங்கிக் கையை உயர்த்தினார்.

"பத்திய எங்க ஏத்துவீங்க?"

"மதகுகிட்ட. வேற எங்க?"

"வாய்க்கால் காஞ்சு வெடிச்சுக் கெடக்கு. மதகுலேர்ந்து என் வயலுக்குத் தண்ணி வந்து சேர்றதுக்குள்ள அரைப் பத்தி எரிஞ்சுருமே, தலைவரே."

கூட்டம் யோசித்தது. மியாகே கனிவோடு கேட்டார். "ஹிசாவோ, பஸ்ஸு டிப்போலேர்ந்து நேரத்துக்குப் புறப்பட்டா, புறப்பட்டதுன்னுதானே எழுதுவ?"

"ஆமா. ஆனா கடைசி ஸ்டாப்புல நிக்கறவர் ஏறிட்டாருன்னு எழுத மாட்டேன்."

"புறப்பட்டுச்சா இல்லயா?"

"புறப்பட்டுச்சு."

"அப்ப பஸ்ஸு மேல தப்பில்ல" என்றார் மியாகே. பஸ் மேல் தப்பில்லை என்று கூட்டம் ஒருமனதாக ஏற்றுக்கொண்டது. பிறகு ஊடான் வந்தது. அதை வேகவைக்க எவ்வளவு தண்ணீர் பிடிக்கும் என்று அந்த மாகாணத்தில் யாரும் கேட்பதில்லை. ஹிசாவோவும் கேட்கவில்லை.

முதல் முறையில் அவர் மண்வெட்டியோடு குழாய் வாயில் உட்கார்ந்திருந்தார். தொலைவில் மேளம் கேட்டது. அவருடைய பங்கு தொடங்கியது. தும்பி ஒன்று குழாயின் விளிம்பில் உட்கார்ந்தது, எழுந்தது, மறுபடி உட்கார்ந்தது. இன்னொரு முறை மேளம் கேட்டது. அவருடைய பங்கு முடிந்தது. எழுந்து வாய்க்காலோரமாகவே மேல்நோக்கி நடந்தார். கல்லறைகளுக்குப் பக்கத்தில் மண் கொஞ்சம் கறுத்திருந்தது. தண்ணீர் அங்கே வரை வந்து, அவருடைய அப்பா அம்மாவைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறது.

புகாரைச் சங்கம் அலட்சியப்படுத்தவில்லை. அதை விசாரிக்க ஒரு துணைக்குழு போட்டார்கள். ஊதுபத்தி தரமாக எரியவில்லை, கரைமேல் அடித்த காற்றில் அது வேகமாகத் தீர்ந்துவிட்டது என்று குழு கண்டுபிடித்தது. கடைமடைக்கு அநியாயம் நடந்திருக்கிறது என்று குழு வருந்தியது. ஆகவே பத்திக்கு ஒரு குடில் கட்டுவதென்று முடிவானது.

குடிலுக்குச் சமதளம் வேண்டும். ஏரிக்கரையின் தோளை வெட்டி இடம் செய்தார்கள். நான்கு தேவதாருத் தூண்களை மண்ணுக்குள் ஆழமாக இறக்கினார்கள். 'கரையில் மண் எடுப்பது குற்றம். ஏரிச் சங்கம்' என்ற பலகை அந்த இடத்தில் இருந்தது. வேலைக்கு இடைஞ்சலாக இருந்ததால் அதைப் பிடுங்கி ஓரமாகச் சாய்த்து வைத்தார்கள்.

"கரைய வெட்டறோமே, தண்ணி கசியாதா?" என்று ஹிசாவோ கேட்டார்.

"உனக்காகத்தானேப்பா வெட்டறோம்" என்றார் ஜின்நை. அவர் உண்மையிலேயே புண்பட்டிருந்தார்.

இரண்டாவது முறை தலைவரின் வயலில் தொடங்கியது. ஜின்நை கை கழுவி, வாய் கொப்பளித்து, இரண்டு பத்திகளில் முதலாவதை ஏற்றி, குடிலின் கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்து தலை குனிந்து நின்றார். எல்லோரும் தலை குனிந்து நின்றார்கள். குடில் அவ்வளவு நேர்த்தியாகக் கட்டப்பட்டிருந்தது. அதற்குள் காற்று நுழைய வழியே இல்லை. பத்தி கொஞ்ச நேரத்திலேயே அணைந்துவிட்டது. எரிகிற பத்தியின் கதவைத் திறப்பது மரியாதைக் குறைவு என்பதால் யாரும் திறக்கவில்லை. மதகு திறந்தே கிடந்தது. வெயில் மூங்கில் தோப்பைத் தாண்டி இறங்கியபோது, தலைவரின் வயலிலிருந்து தண்ணீர் வழிந்து அவர் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது என்று அவருடைய மருமகள் வந்து சொன்னாள். அப்போதுதான் கதவைத் திறந்தார்கள்.

பத்தி ஏறக்குறைய முழுசாக இருந்தது.

அடுத்த கூட்டத்தில் மியாகே கண் கலங்கப் பேசினார். "என் வயல்ல தண்ணி பாஞ்சுது. நான் மறுக்கல. ஆனா பத்தி எரியல. பத்தி எரியலேன்னா நேரம் போகல. நேரமே போகாதப்ப பாஞ்ச தண்ணிய யாரு பங்குல சேக்கறது? நான் ராத்திரி பூரா யோசிச்சேன். எனக்கு வர வேண்டிய ரெண்டு பத்தி இன்னும் பாக்கி இருக்கு. அதுல ஒண்ண நான் விட்டுக்கொடுக்கறேன்."

கைதட்டினார்கள். ஹிசாவோவின் பக்கத்தில் இருந்தவர் அவரை முழங்கையால் இடித்தார். அவரும் தட்டினார்.

"தட்டுனீங்களா?" என்று அன்று மாலை நோபுகோ கேட்டாள்.

"எல்லாரும் தட்டுனாங்க."

அவள் தொட்டித் தண்ணீரை அள்ளிக்கொண்டே இருந்தாள். அவர் லாரியின் பின்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். வாளியின் சத்தம் மட்டும் கேட்டது.

குடிலுக்குக் காற்றுத் துளை வைத்த பிறகு ஹிசாவோவின் அரைப் பத்தி வந்தது. இந்த முறை தண்ணீரை அவர் பார்த்தார். குழாய்க்குள் இருட்டில் ஏதோ சலசலத்தது. பிறகு மூங்கில் இலைகளையும் ஒரு பால் அட்டைப்பெட்டியையும் தள்ளிக்கொண்டு, பழுப்பு நிறத்தில், மெல்ல வெளியே வந்தது. அவர் மண்வெட்டியால் மடையை அகலப்படுத்தினார். மேளம் கேட்டது. தண்ணீரின் நாக்கு வரப்புக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. அவர் மண்டியிட்டு இரண்டு கைகளாலும் அதை அணைத்து வயல் பக்கம் தள்ளினார்.

சாலைமேல் நின்ற சங்கத்துக் கண்காணிப்பாளர் கூச்சத்தோடு இருமினார். "ஹிசாவோ அண்ணே, கோச்சுக்காதீங்க. மேளம் அடிச்ச பொறவு வாய்க்கால்ல நிக்கற தண்ணி சங்கத்தோடது."

"மண்ணுக்குள்ள போயிரும்பா."

"போகட்டும். சங்கத்தோட தண்ணியாப் போகட்டும்."

இருவரும் நின்று, சங்கத்தின் தண்ணீர் மண்ணுக்குள் போவதைப் பார்த்தார்கள்.

இதற்குள் ஊதுபத்திச் செய்தி மாகாணம் முழுக்கப் பரவிவிட்டது. பாரம்பரியத் துறையிலிருந்து ஷிரகவா என்ற இளம் அதிகாரி வந்தாள். நல்ல பெண். குடிலைப் பார்த்து மூச்சை உள்ளிழுத்தாள், மேளத்தைத் தொட்டுப் பார்த்தாள், ஜின்நை கை கழுவுவதைப் பல கோணங்களில் படமெடுத்தாள். பிறகு கடைமடைக்கும் வந்தாள். இதுவரை அவ்வளவு தூரம் நடந்து வந்த ஒரே அதிகாரி அவள்தான். ஹிசாவோவுக்கு நம்பிக்கை வந்தது. அவர் வாழ்நாளில் பேசாத அளவுக்குப் பேசினார். நெல்லைப் பிளந்து உள்ளே இருந்த கதிரைக் காட்டினார்.

"பத்திய இங்க, என் வரப்புல ஏத்தச் சொல்லுங்க மேடம். தண்ணி வந்த பொறவு ஏத்தச் சொல்லுங்க. வேற ஒண்ணும் வேண்டாம்."

அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். அவள் கண்களில் நீர் தளும்பியதை அவர் பார்த்தார்.

"ஐயா, நீங்க எவ்வளவு பெரிய விஷயத்தச் சொல்றீங்கன்னு உங்களுக்கே தெரியல. இந்த மரபுல பத்தி, மேளம், மதகு எல்லாத்தையும் நாங்க பதிவு பண்ணிட்டோம். காத்திருத்தல் விட்டுப்போச்சு. காத்திருத்தல்தான் இதோட உயிர். ஒரு மனுஷர் இங்க, இந்த இடத்துல, ஏரியப் பாத்துக்கிட்டு நின்னிருக்காரு. தலைமுறை தலைமுறையா."

"நாங்க நின்னதில்ல மேடம். எங்கப்பா காலத்துல தண்ணி வந்துச்சு."

"அது உங்க ஞாபகம்" என்றாள் அவள் பரிவோடு.

துறைக்காரர்கள் படப்பிடிப்புக்கு வந்த நாளில் ஏரியின் நீர்மட்டம் மதகுக்குக் கீழே போய்விட்டது. மதகை அடைத்த கட்டையைப் பிடுங்கினால் காற்றுதான் வந்தது. தீயணைப்பு நிலையத்திலிருந்து ஒரு தண்ணீர் லாரியை வரவழைத்து மதகின் வாயில் ஊற்றினார்கள். ஜின்நை பத்தி ஏற்றினார், மியாகே தலை குனிந்தார், தண்ணீர் வெயிலில் பளபளத்துத் தலைவரின் வயலுக்குள் ஓடியது. ஒளி சரியில்லை என்று இன்னொரு முறை ஊற்றினார்கள்.

ஹிசாவோ கரைமேல் ஏறி வந்து ஷிரகவாவிடம் மெதுவாகக் கேட்டார். "மேடம், அந்த லாரிய அப்படியே என் வயலுக்கு ஓட்டிட்டு வரச் சொல்ல முடியுமா? நான் வேணும்னா ஓட்டறேன். பெரிய வண்டி ஓட்டிப் பழக்கம்தான்."

"அது படப்பிடிப்புத் தண்ணி, ஐயா. விவசாயத்துக்கு விட அனுமதி வாங்கல" என்றாள் அவள். உடனே, அவர் முகத்தைப் பார்த்து, "அனுமதி கேட்டு எழுதறேன்" என்றும் சொன்னாள். எழுதவும் செய்தாள். அனுமதி கிடைத்தது. அது வந்தபோது இலையுதிர்காலம் பிறந்திருந்தது.

கதிர்கள் அதற்கு முன்பே வெளியே வந்துவிட்டன. வெளுப்பாக, காகிதம் மாதிரி, ஒவ்வொன்றும் விறைத்து நேராக நின்றது. மியாகேயின் வயலில் நெல் கனத்துத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஷிரகவா கடைசிக் காட்சிக்காக எல்லோரையும் கடைமடைக்கு அழைத்து வந்தாள்.

"எவ்வளவு கம்பீரமா நிமிர்ந்து நிக்குது" என்றாள்.

அங்கே நின்ற எல்லோருமே பயிர் வைப்பவர்கள். மியாகே தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஏரிக்கரையின் பக்கம் திரும்பினார். ஜின்நை தன் காலணியைப் பார்த்தார். காற்று அடித்தபோது அந்த நான்கு துண்டு வயலும் உலர்ந்த ஓசை எழுப்பின. அது நெல்லின் ஓசை இல்லை. யாரும் எதுவும் சொல்லவில்லை. ஹிசாவோவும் சொல்லவில்லை. சொன்னால் அந்தப் பெண் வெட்கப்படுவாளே என்று நினைத்தார்.

பிறகு புயல் வந்தது. இரண்டு நாள் மழையில் ஏரி விளிம்புவரை நிறைந்து, மிகுநீர் கலிங்கல் வழியாக இறங்கியது. மழை விட்டதும் ஊர் போய்ப் பார்த்தது. குடிலுக்காக வெட்டிய இடத்துக்கு நேர் கீழே, கரையின் வெளிச்சரிவில், ஒரு பாய் அளவுக்கு ஈரம் படர்ந்திருந்தது. கை வைத்தால் புதைந்தது. கரைக்குக் கீழே பள்ளிக்கூடம் இருந்தது, வீடுகள் இருந்தன, எல்லோருடைய வயலும் இருந்தது. குடிலை இடித்து மண்ணை இறுக்கிக் கரையைக் கட்ட வேண்டும். மாகாணத்தில் பழுதுபார்க்கக் காத்திருந்த ஏரிகளின் வரிசையில் ஒகுதானி மிகவும் பின்னால் இருந்தது.

அவசரக் கூட்டத்துக்கு ஷிரகவாவும் வந்தாள். "பாரம்பரிய ஏரின்னு அறிவிச்சா வரிசை கிடையாது. வர்ற மாசமே கரை வேலைய ஆரம்பிச்சுரலாம். குடிலையும் பத்திரமாத் தள்ளிக் கட்டிரலாம். ஒரே ஒரு நிபந்தனை. மரபு எப்படிப் பதிவாச்சோ, வருஷா வருஷம் அப்படியே நடக்கணும். பத்தி, மேளம், மதகு, காத்திருத்தல்."

எல்லோரும் மெல்ல ஹிசாவோவின் பக்கம் திரும்பினார்கள்.

"தண்ணி நெறஞ்சிருக்கற வருஷத்துலயுமா?" என்று அவர் கேட்டார்.

"மரபுக்கு நல்ல வருஷம், கெட்ட வருஷம்னு கிடையாது ஐயா."

"என் வயலுக்குத் தண்ணி வந்துச்சுன்னா?"

அவள் தன் தாள்களைப் புரட்டினாள். "வந்துச்சுன்னா காத்திருத்தல் இல்லாமப் போயிரும்."

மியாகே எழுந்தார். நீண்ட பேச்சு எதுவும் பேசவில்லை. "நான் உன்னக் கட்டாயப்படுத்தல, ஹிசாவோ" என்றார். "கரை மட்டும் உடைஞ்சா மொதல்ல போறது என் வீடு. அதனால நான் எது சொன்னாலும் சுயநலமாப் படும். அதான் நான் பேசாம உக்காந்துக்கறேன்." பேசாமல் உட்கார்ந்தார்.

சுவரில் விசிறி சுற்றியது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் படிக்கும் வீட்டுக்காரர்கள் முன்வரிசையில் இருந்தார்கள். அவர்கள் அவரைக் கெஞ்சவில்லை, பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தார்கள். ஹிசாவோ தன் கைகளைத் திருப்பிப் பார்த்தார். பிறகு சரி என்று தலையை ஆட்டினார். இந்த முறை யாரும் கைதட்டாததே அவருக்குப் பெரிய மரியாதையாகத் தோன்றியது.

"இந்த வருஷம் என்ன நடறோம்?" என்று வசந்த காலத்தில் நோபுகோ கேட்டாள்.

"நெல்லுதான். வழக்கம்போல."

"வாடறதுக்கு நெல்லு. அப்ப பக்கத்துல உங்களையும் சேத்து நட்டுட்டாங்க."

நட்டார்கள். அந்த வருடம் மழைக்குக் குறைவே இல்லை. கட்டி முடித்த புதுக் கரைக்குள் ஏரி தளும்பியது. குழாயின் வாயைச் சங்கம் பலகை வைத்து அடைத்திருந்தது. ஆனால் பக்கத்து வயலிலிருந்து வரப்பு வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஊறிய நீரைக் குடித்து ஹிசாவோவின் நெல் பச்சையாக எழுந்து நின்றது. மேற்பார்வைக் குழு வந்து பார்த்துக் கவலைப்பட்டது. பயிர் போதிய அளவு வாடவில்லை, பார்வையாளர்கள் ஏமாந்துவிடுவார்கள் என்று மிகவும் பணிவாகத் தெரிவித்தது. ஹிசாவோ களிமண் கொண்டுவந்து, வரப்பில் நீர் ஊறும் இடத்தை ஒவ்வொன்றாகத் தேடி, விரலால் அழுத்தி அடைத்தார். வேலையை நன்றாகத்தான் செய்தார். சில நாட்களில் இலைகள் சுருளத் தொடங்கின.

விழா நாளில் சாலையோரம் கூடாரம் போட்டு மடக்கு நாற்காலிகள் வைத்திருந்தார்கள். வெளியூர்ப் பேருந்துகள் வந்து நின்றன. சுற்றியிருந்த வயல்களிலெல்லாம் தண்ணீர் நின்றது. தவளைகள் விடாமல் கத்தின. நடுவில் அந்த நான்கு துண்டுகள் மட்டும் வெடித்து, பழுத்து, சத்தமில்லாமல் கிடந்தன. ஹிசாவோ அவற்றின் வரப்பில், கொடுத்த இடத்தில், மண்வெட்டியை ஊன்றி நின்றார். கரைமேல் புகை எழுந்தது. மேளம் ஒலித்தது.

ஷிரகவாவின் குரல் ஒலிபெருக்கியில் வந்தது. "ஐயா, கொஞ்சம் ஏரிப் பக்கம் பாருங்க."

அவர் அந்தப் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.